மணிக்கு இருநூற்றுப் பத்து

எங்கள் காரின் நான்கு டயர்களும் மணிக்கு இருநூற்றுப் பத்து கிலோமீட்டர் வேகத்தைத் தாங்கக்கூடியவை. கார்தான் தாங்காது. அதன் வேக மீட்டர் நூற்று அறுபதோடு முடிந்துவிடும். முள் நூற்றை நெருங்கும்போதே கதவுகள் நடுங்க ஆரம்பித்துவிடும். சாலை அதைவிட மோசம். பகாவ் பக்கத்தில் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில், பெரிய ரோட்டிலிருந்து தொழிலாளர் வீடுகளான லயத்துக்குப் போகும் செம்மண் பாதையில், மழை நாளில் சைக்கிள்காரர்கள் எங்களை முந்திக்கொண்டு போய்க் கையசைப்பார்கள். தோட்டத்திலேயே வேகமாக ஓடியது தோட்ட மேலாளர் துரை வீட்டு நாய் ஒன்றுதான். அப்படிப்பட்ட இடத்துக்கு அப்படிப்பட்ட டயர் எப்படி வந்தது என்று யாராவது கேட்டால், நான் என் வீட்டுக்காரரைக் கைகாட்டிவிடுவேன்.

அவர் அந்தத் தோட்டத்தின் கிராணி, அதாவது அலுவலக எழுத்தர். அலுவலகக் கணக்கோடு, புகைக்கூடத்தில் காய்ந்து வரும் ரப்பர் ஷீட்டுகளைத் தரம் பிரிக்கிற பொறுப்பும் அவருக்கு உண்டு. ஒவ்வொரு ஷீட்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். குமிழி இருக்கிறதா, பட்டைத் தூள் ஒட்டியிருக்கிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். சுத்தமாக இருந்தால் ஒன்றாம் நம்பர். கொஞ்சம் அழுக்கிருந்தால் இரண்டு, மூன்று என்று கீழே இறங்கிக்கொண்டே போகும். முன்னால் வருவது உயர்ந்தது, பின்னால் வருவது மட்டம். இந்த ஒரே விதியை வைத்துக்கொண்டு உலகம் முழுவதையும் பிரித்துப் போட்டுவிடலாம் என்பது அவர் நம்பிக்கை. எண்பதுகளின் நடுவில் எங்களுக்குக் கல்யாணமான புதிதில், நான் வைத்த ரசத்தைக் கிண்ணத்தோடு தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "ரெண்டாம் நம்பர்லா டீச்சர்" என்றார். நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. அதனால் வீட்டிலும் எனக்கு டீச்சர் என்றுதான் பெயர். அடுத்த நாள் அவருக்கு ரசம் கிடையாது.

பிறகு பழைய ஜப்பான் கார் ஒன்றை வாங்கினோம். அவர் லைசென்ஸ் எடுத்தார், நானும் எடுத்தேன். கோலப்பிலாவில் நடந்த சோதனையில் நான் முதல் முறையே தேறிவிட்டேன். அவர் எத்தனையாவது முறை தேறினார் என்பதைக் குடும்ப நிம்மதி கருதி இங்கே எழுதவில்லை.

எங்கள் மகளுக்கு மூன்று வயதானபோது எனக்கு மாற்றல் வந்தது. புதிய பள்ளி சிரம்பானுக்குச் சற்று முன்னால் இருந்தது. எங்கள் தோட்டத்திலிருந்து கோலப்பிலா போய், அங்கிருந்து புக்கிட் பூத்துஸ் மலை ஏறி இறங்கினால் பள்ளி வந்துவிடும். மலை என்றால் வளைவுக்கு மேல் வளைவு. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். பேருந்தை நம்பினால் முதல் மணி அடித்து வெகு நேரம் கழித்துத்தான் பள்ளிக்குள் நுழைய முடியும். காரில் போனால் காலையில் கிளம்பி, பள்ளி முடிந்து, பிற்பகலில் வீட்டுக்கு வந்துவிடலாம். பாப்பா அதுவரை ஆயாக் கொட்டாயில் இருக்கும். தோட்டத்துப் பிள்ளைகளெல்லாம் பகலில் அங்கேதான், அவர் அலுவலகத்துக்குப் பத்தடி தூரத்தில். இதில் எனக்கு ஒரு சிக்கலும் தெரியவில்லை.

அவருக்குத் தெரிந்தது.

"திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் அக்கா வூட்ல தங்கிக்க" என்றார். அவருடைய அக்கா சிரம்பானில் இருந்தார். "சனி, ஞாயிறு இங்க வந்துடு. பாப்பாவ நான் பாத்துக்கறேன்."

வாரத்தில் ஐந்து நாள் என் பிள்ளை நான் இல்லாமல் தூங்க வேண்டும், எழுந்திருக்க வேண்டும். நாத்தனார் வீட்டு அறையில் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டும்.

"கார் இருக்கே" என்றேன்.

"கார் இருக்கு. டயர் இல்ல." காரின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து டயரின் பக்கவாட்டைக் காட்டினார். எண்களும் எழுத்துகளும் புடைத்து நின்றன. வரிசையின் கடைசியில் 82 என்ற எண், அதை அடுத்து 'எஸ்' என்ற எழுத்து. "பாத்தியா? எஸ். ஏ, பி, சின்னு எண்ணிக்கிட்டே வா, எஸ் எங்க வருது? கிட்டத்தட்ட கடைசில. இது கழிச்சுப் போட்ட ரப்பர்ல செஞ்சது. துரை காரு டயர்ல என்னா போட்டிருக்கு தெரியுமா? எச். நானே பாத்தேன். அதுலா டயரு. இத வச்சுக்கிட்டு புக்கிட் பூத்துஸ் ஏறுவியா?"

எங்கள் தோட்டத்து ரப்பர் பால்தான் ஷீட்டாகிக் கப்பலேறி எங்கோ போய், டயராக மாறி, பகாவ் கடைக்குத் திரும்பி வருகிறது. கோலாலம்பூரில் படித்துவிட்டு வந்த பிள்ளை பெற்றவர்களிடமே இங்கிலீஷில் பேசுவதைப்போல, அது எங்களிடம் எழுத்தில் பேசியது. தரம் பிரிப்பதில் கைதேர்ந்தவர் என்பதால் அவர் சொன்னதை நான் நம்பிவிட்டேன். டயர் எழுத்தும் ஷீட் நம்பரும் ஒரே வம்சம் என்றுதான் எனக்கும் பட்டது.

"அப்ப எச் டயர் வாங்கிப் போடுவோம்" என்றேன்.

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. போனஸ் வரட்டும், மழை விடட்டும், துரை லீவு தரட்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். போனஸும் வந்தது, மழையும் விட்டது, துரையும் லீவு தந்தார். ஒரு சனிக்கிழமை பகாவ் போனோம். பாப்பா பின் இருக்கையில் நின்றுகொண்டு வந்தது. அந்தக் காலத்தில் பிள்ளைகள் அப்படித்தான் வரும்.

டயர் கடை முதலாளியான தவுக்கே நடுத்தர வயதுச் சீனர். சுற்றிலும் தோட்டங்கள் என்பதால் தமிழ் ஓரளவு வரும். மீதியை மலாய் பார்த்துக்கொள்ளும். அவர் உள்ளேயிருந்து வருவதற்குள் என் வீட்டுக்காரர் அடுக்கி வைத்திருந்த டயர்களைத் தரம் பிரிக்க ஆரம்பித்துவிட்டார். எஸ்ஸுக்கு அடுத்து வரும் 'டி' போட்டிருந்த ஒன்றைக் காலால் ஓரமாகத் தள்ளினார். ஒரு மூலையில் பளபளவென்று தனியாக வைத்திருந்த டயரில் 'வி' என்று இருந்தது.

"வி-யா? இதையெல்லாம் யாரு வாங்குவா?" என்று முகத்தைச் சுளித்தார்.

தவுக்கே திகைத்துப் போனார். அந்தக் கடையிலேயே விலை கூடிய டயர் அதுதான்.

அவர்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்தபோது நான் சுவரைப் பார்த்தேன். நாட்காட்டிக்குப் பக்கத்தில், எண்ணெய்க் கறை படிந்த ஒரு அட்டை தொங்கியது. மேலே கார் படம், கீழே ஓர் அட்டவணை. கியூ நூற்று அறுபது, ஆர் நூற்று எழுபது, எஸ் நூற்று எண்பது, டி நூற்றுத் தொண்ணூறு, யு இருநூறு. அதற்குக் கீழே, எங்கிருந்தோ தாவி வந்து உட்கார்ந்ததைப்போல எச், இருநூற்றுப் பத்து. கடைசியில் வி, இருநூற்று நாற்பது. தலைப்பில் 'மணிக்குக் கிலோமீட்டர்' என்று மலாயில் இருந்தது. நான் மேலிருந்து கீழாகப் படித்தேன். பிறகு கீழிருந்து மேலாகவும் படித்தேன்.

"தவுக்கே, இந்த எழுத்து தரமா, வேகமா?" என்று கேட்டேன்.

"லாஜு, அக்கா. ஸ்பீட். நல்லது கெட்டது எழுத்து இல்லலா" என்றார். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் வேகமாகத் தேய்த்துக் காட்டினார். "வண்டி லாஜு போனா டயர் சூடு. ரொம்ப சூடு, ரப்பர் உரிஞ்சு போகும். எஸ் போட்டா நூத்தி எண்பது வரைக்கும் சூடு தாங்கும். எச் இன்னும் தாங்கும். காத்து சரியா இருக்கணும். பாரம் கூட ஏத்தக் கூடாது." பிறகு ஒரு டயரில் எழுத்துக்குப் பக்கத்திலிருந்த 82-ஐ விரலால் தட்டினார். அதுவும் ஒரு குறிதானாம். ஒரு டயர் நானூற்று எழுபத்தைந்து கிலோ சுமக்கும் என்று அர்த்தம்.

ஆக, கழிச்சுப் போட்ட ரப்பர் என்று என் வீட்டுக்காரர் தள்ளிவைத்த எஸ் டயர், எங்கள் காரால் கனவில்கூட எட்ட முடியாத வேகத்தைத் தாங்கும். அவர் காலால் தள்ளிய 'டி' அதைவிடக் கூடுதல். முகம் சுளித்த 'வி' எல்லாவற்றுக்கும் மேலே. எச் பெரியதுதான், ஆனால் அவர் சொன்ன காரணத்தால் இல்லை. தப்பாகக் கணக்குப் போட்டுச் சரியான விடை எழுதுகிற பிள்ளைகளை நான் வகுப்பில் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு மதிப்பெண் போடுவதா வேண்டாமா என்று கை தயங்கும்.

தவுக்கே வெளியே வந்து எங்கள் காரைச் சுற்றிப் பார்த்தார். டயரின் மேல் கட்டைவிரலை வைத்து இழுத்தார். விரல் வழுக்கிக்கொண்டு போனது.

"கிராணி, எழுத்து இருக்கு. பூ இல்ல. இது போத்தாக்" என்று தன் வழுக்கைத் தலையையே தடவிக் காட்டினார். பூ என்றால் டயரின் மேலுள்ள வெட்டு. மழையில் சாலையைப் பிடிப்பது அதுதான். ஷீட்டில் ஊசி முனையளவு குமிழியைக் கண்டுபிடிக்கிற என் வீட்டுக்காரர், எழுத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்ததில், டயர் மொட்டையாகிப் போனதைப் பார்க்கவே இல்லை.

நான்கையும் மாற்றியாக வேண்டும் என்றாகிவிட்டது. முன்னால் இரண்டு எச், பின்னால் இருப்பதே இருக்கட்டும் என்று அவர் பேரம் பேசினார். தவுக்கே முடியாது என்று தலையாட்டினார். "நாலும் ஒண்ணா இருக்கணும். எது குறைச்சலோ, அந்த ஸ்பீட்தான் முழு வண்டிக்கும். மூணு டயர் எச், ஒரு டயர் எஸ், அப்ப வண்டி எஸ்." இது எனக்கு உடனே புரிந்தது. எங்கள் குடும்பம் வெகு நாளாக அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

கடையில் எஸ் இல்லை, ஆர்டர் போட வேண்டும். எச் நான்கு இருந்தன. யாரோ சொல்லிவைத்துவிட்டு வாங்க வராமல் போனவை என்பதால் விலையைக் குறைத்துத் தருகிறேன் என்றார் தவுக்கே. துரை கார் டயர், அதுவும் குறைந்த விலைக்கு. என் வீட்டுக்காரர் துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். அவரோ அட்டவணையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இருநூத்திப் பத்தா? வேணாம்லா. இது ரொம்ப வேகம். பொம்பள கையில குடுக்கற டயரா இது?"

எனக்கு வந்த கோபத்தில் கடை, தவுக்கே, தோளில் தூங்கிவிட்ட பாப்பா எல்லாம் மறந்து போனது.

"எஸ்ஸுன்னா மட்டம், நான் ஓட்டக் கூடாது. எச்சுன்னா வேகம், நான் ஓட்டக் கூடாது. அப்ப நான் ஓட்டறதுக்குன்னு எந்த எழுத்துல டயர் செய்றாங்க? சொல்லுங்க, அதையே வாங்குவோம்!"

"அக்கா சொல்றது பெத்துல்லா, கிராணி" என்றார் தவுக்கே, சரிதான் என்று அர்த்தம். வாடிக்கையாளர் முன்னால் சிரிக்கக் கூடாது என்று கொஞ்ச நேரம் அடக்கிப் பார்த்துவிட்டு, பிறகு சிரித்துவிட்டார்.

நான்கு எச் டயர்களும் காரில் ஏறின.

என் வீட்டுக்காரர் ஒரு நிபந்தனை போட்டார். நான் தனியாகப் போகும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் உட்கார்ந்து வருவார், என் ஓட்டத்தைப் பார்த்துத் தரம் சொல்வார். சரி என்றேன். இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பகாவுக்கும் கோலப்பிலாவுக்கும் காரை எடுத்துப் போகிறவர், சிரம்பான் போவதென்றால் மட்டும் பேருந்தில்தான் போவார். டயர் தேய்ந்துவிடுமாம். பேருந்திலும் பாப்பாவை ஜன்னல் ஓரம் உட்கார வைத்துவிட்டு, மலை தாண்டும் வரைக்கும் நாளிதழை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வார். அவ்வளவு ஆர்வமாக அதில் என்ன படிக்கிறார் என்று நான் கேட்டதில்லை.

அந்த ஞாயிறு எங்களுக்கு முன்னால் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று முனகிக்கொண்டு மலை ஏறியது. முந்த வழியில்லை. இருநூற்றுப் பத்து கிலோமீட்டர் டயரில், இரண்டாவது கியரில், இருபதில் போய்க்கொண்டிருந்தோம். அவர் தரம் எதுவும் சொல்லவில்லை. வலது கால் மட்டும், அங்கே இல்லாத பிரேக்கை ஒவ்வொரு வளைவிலும் மிதித்தது. மேலே போனதும் நிறுத்தச் சொன்னார். இறங்கிப் போய்ப் பாறையோரம் வாந்தி எடுத்தார்.

"காலையில தின்ன மீ ஒத்துக்கல" என்றார் வாயைத் துடைத்துக்கொண்டே.

மீ என்றால் நூடுல்ஸ். அன்று காலை எங்கள் வீட்டில் அது செய்யவே இல்லை. நான் தண்ணீர் போத்தலை நீட்டினேன்.

திரும்பும் வழியில், மலை இறங்கிச் சமதரை வந்த பிறகுதான் அவருக்குப் பேச்சு வந்தது. "சரி, போய்ட்டு வா டீச்சர். ஆனா தெனமும் நான் டயரப் பாப்பேன்."

பார்த்தார். பிற்பகலில் நான் தோட்டத்துக்குள் நுழைந்ததும் அலுவலகத்திலிருந்து இறங்கி வருவார். எப்படி இருந்தது, சாப்பிட்டாயா என்ற பேச்செல்லாம் கிடையாது. நேராக முன் டயருக்குப் பக்கத்தில் குந்தி, ஜுரம் பார்க்கிற மாதிரி உள்ளங்கையை வைப்பார். "சூடா இருக்கு. வேகமா வந்திருக்க" என்பார். இல்லாவிட்டால், "பரவால்ல, இன்னிக்கி ஒண்ணாம் நம்பர்" என்பார். தவுக்கே உள்ளங்கையைத் தேய்த்துக் காட்டிய பாடம் அவருக்கு அப்படிப் பயன்பட்டது. வெயிலில் நின்றாலும் டயர் சுடும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். காதில் ஏறவில்லை. வேவு பார்க்கிறார் என்று எனக்கு எரிச்சலாக வரும். பாப்பாவும் கூடவே குந்திக்கொண்டு பின் டயரில் கை வைத்து, "சூடு, சூடு" என்று எனக்கெதிராகச் சாட்சி சொல்லும்.

ஆனாலும் நான் தினமும் வீட்டுக்கு வந்தேன். பிள்ளை என் பக்கத்தில் தூங்கியது. அதற்காக இந்தக் கேலிக்கூத்தையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

அந்த ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள், பள்ளி விட்டு வரும்போது மலையின் பாதியில் வண்டிகள் வரிசையாக நின்றன. எனக்கு முன்னால் ஏதோ ஒரு வளைவில் செம்பனை லாரி கவிழ்ந்து, குலைகள் சாலை முழுக்கச் சிதறிக் கிடந்தன. யாருக்கும் பெரிய அடி இல்லை என்றார்கள். ஆனால் முன்னாலும் போக முடியாது, பின்னாலும் திரும்ப முடியாது. தொலைபேசிக்கு எங்கே போவது? ஆயாக் கொட்டாய் மூடிவிடும், பாப்பா அழும், அவர் வாசலில் நின்று நேரத்தைப் பார்ப்பார். இனிமேல் அக்கா வீடுதான் என்று சொல்லப் போகிறார் என்பதை நினைத்து நினைத்து, காருக்குள்ளேயே அவரிடம் சண்டை போட்டு முடித்துவிட்டேன். பதில்கள் எல்லாம் தயாராக இருந்தன.

மாலை ஐந்து மணி தாண்டித்தான் வழி விட்டார்கள். மெதுவாக இறங்கி, மலையடிவாரத்தில் உலு பெண்டூல் ஆற்றருகே வந்தேன். எங்கள் தோட்டத்திலிருந்து போனால் வளைவுகள் அங்கேதான் தொடங்கும். மரத்தடியில் எங்கள் தோட்டத்து அலுவலக மோட்டார் சைக்கிள் நின்றது. அதன்மேல் ஹெல்மெட்டைக் கழற்றாமல் அவர் உட்கார்ந்திருந்தார்.

காரை ஓரம் கட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வழக்கம்போல் முன் டயரருகே குந்தி உள்ளங்கையை வைத்தார்.

"சூடு இல்ல" என்றார். "மெதுவாத்தான் வந்திருக்க."

கையை எடுக்கவில்லை.

"பாப்பா?"

"ஆயா வூட்ல இருக்கு. பால் குடிச்சிருச்சு." பிறகு டயரைப் பார்த்தே பேசினார். "மேல வண்டி கவுந்துருச்சுன்னாங்க. பாதில திரும்பி எறங்கி வர்றவங்ககிட்ட எல்லாம் கேட்டேன். லாரின்னாங்க சில பேரு. காருன்னாங்க சில பேரு."

"மேல வந்து பாத்திருக்கலாம்ல?"

நிமிர்ந்து மலையைப் பார்த்தார். முதல் வளைவு அங்கிருந்தே தெரியும்.

"வரத்தான் கெளம்புனேன். கெளம்பிக் கெளம்பி இங்கயே நின்னுட்டேன். இதுக்கு மேல எனக்கு முடியல. என்னைக்குமே முடிஞ்சதில்ல." பிறகு, "நானே போக முடியாத ரோட்டுல உன்ன எப்படி அனுப்பறது, அதான் அப்ப டயரு டயருன்னு…" என்றார்.

நான் தயாராக வைத்திருந்த பதில்களில் ஒன்றுகூட இதற்குப் பொருந்தவில்லை. குனிந்து அவர் கையை டயரிலிருந்து எடுத்துப் பிடித்துக்கொண்டேன். உள்ளங்கை கருப்பு அழுக்காக இருந்தது.

"கார்ல ஏறுங்க. மோட்டார நாளைக்கு வந்து எடுத்துக்கலாம்."

"ஆபீஸ் மோட்டார்லா, விட்டுட்டு வர முடியாது. நீ முன்னால போ, பாப்பா தேடும். நான் பின்னாலயே வர்றேன்."

அந்தப் பழைய மோட்டார் எவ்வளவு முறுக்கினாலும் நாற்பதுக்கு மேல் போகாது. கோலப்பிலா தாண்டி, நெல் வயல்கள் தாண்டி, அவர் கண்ணாடியில் தெரிகிற தூரத்திலேயே நான் போய்க்கொண்டிருந்தேன். பேருந்து முந்தியது. லாரி முந்தியது. ஒரு கார்க்காரர் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே போனார். செம்மண் பாதையில் திரும்பியபோது, பால் வாளியை மாட்டிக்கொண்டு வந்த சைக்கிள்காரர் ஒருவர் எங்கள் இரண்டு பேரையும் தாண்டிப் போய்க் கையசைத்தார். நானும் கையசைத்தேன். வேகத்தைக் கூட்டவில்லை.